ஜாகுவார் ஈ-டைப் 3.8 ஸ்போர்ட்ஸ் கார்: புதுப்பித்தலும் மாற்றியமைத்தலும்

இங்கிலாந்தின் காவென்ட்ரியில் தயாரான இந்த ரகம் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டியைக் கவனியுங்கள். தனிச் சேஸிஸ் இல்லாத இந்த உடலைத் தாங்குவதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஈரம் தங்கி உள்ளிருந்து துருப்பிடிப்பதும் அதுவே. துருவோடு அப்படியே காப்பதுதான் நேர்மை என்பார் உண்டு. ஓட வேண்டிய காருக்கு அது பொருந்தாது. அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்தே ஆக வேண்டும்.

கியர்பாக்ஸ் விஷயம் வேறு. கியர் மாற்றத்தைச் சீராக்கும் சின்க்ரோமெஷ் அமைப்பு முதல் கியரில் இல்லாத பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, 1964-இல் 4.2 லிட்டர் காருடன் வந்ததைச் சிலர் பொருத்துகிறார்கள். அசல்தன்மை குறைகிறது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனாலும் கழற்றியதைப் பத்திரப்படுத்தினால் திரும்பப் பூட்டிவிடலாம். அகலச் சக்கரத்துக்காக உடலையே வெட்டுவதை மட்டும் ஏற்க இயலாது.