உயிரோடு செலுத்தப்படும் ஒட்டுண்ணி

இலக்கிய அமர்வில் கொசுவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் எழுதுகிறவள்தான், ஆனால் எனக்குச் சோறு போடுவது செவிலியர் வேலை. அந்த வேலையில் நிறைய நேரம் நரம்பு தேடுவதில் போகிறது. சிரை என்பதுதான் சரியான சொல். வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கொழுகொழுவென்றிருக்கும் ஐந்து மாதக் குழந்தையின் புறங்கையில் நரம்பு அகப்படாமல், தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, இரண்டாம் தடவை குத்தப்போகும் செவிலியின் மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்று நான் சொல்லவந்த தடுப்பூசியின் கதை அந்தப் புறங்கையில்தான் வந்து நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மலேரியாவால் சுமார் 5,97,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தடுப்பூசியே இல்லை என்று சொல்லமுடியாது. 2021இல் ஒன்றையும் 2023இல் இன்னொன்றையும் அந்த நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டாவது, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, நம் புனேயில் தயாராவது. இரண்டுமே ஒட்டுண்ணியின் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதத்தை உடலுக்குக் காட்டிக்கொடுப்பவை. உயிர்களைக் காப்பாற்றுகின்றன, ஆனால் பாதுகாப்பு மெல்ல மெல்லத் தேய்கிறது. ஒரு புரதத்துக்குப் பதில் முழு ஒட்டுண்ணியையே, அதுவும் உயிரோடு, உள்ளே அனுப்பினால் என்ன என்பது வேறொரு வழி. கேட்கவே பயமாக இருக்கும்.

அந்தத் துணிச்சலுக்குக் காரணம் கல்லீரல். கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு நூல்போன்ற ஒட்டுண்ணிகள் உள்ளே நுழைகின்றன. ஸ்போரோசோயிட் என்று பெயர். ரத்தத்தின் வழியாகச் சீக்கிரமே கல்லீரலை அடைந்து, ஒரு வாரம்போல அங்கே பதுங்கியிருக்கின்றன. இந்த நாட்களில் காய்ச்சல் இல்லை, குளிர் இல்லை, ஆளுக்கு எதுவும் தெரியாது. ஒரு செல்லுக்குள் போன ஒன்று பல ஆயிரமாகப் பெருகி ரத்தத்தில் கொட்டியபிறகுதான் நான்கு கம்பளி போர்த்தினாலும் அடங்காத அந்த நடுக்கம் வருகிறது. அப்படியானால், கல்லீரலுக்குள் போய் அதற்குமேல் வளரமுடியாத ஒட்டுண்ணியை அனுப்பினால்? நோய் வராது, உடம்பு எதிரியை முழுசாகப் பார்த்துவிடும்.

1967இல் நியூயார்க்கில் ரூத் நுசென்ஸ்வைக் என்ற விஞ்ஞானி இதை எலிகளில் காட்டினார். கதிர்வீச்சால் பலவீனப்படுத்திய ஸ்போரோசோயிட்டுகளைச் செலுத்திய எலிகள், பிறகு உண்மையான தொற்றைத் தாக்குப்பிடித்தன. மனிதர்களிலும் பலித்தது, ஆனால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய கொசுக்களிடம் ஆயிரம் கடிக்குமேல் வாங்கவேண்டியிருந்தது. அதற்கு எந்த ஊரில் வரிசையில் நிற்பார்கள்?

கொசுவை விட்டுவிட்டு அதன் சரக்கை மட்டும் சிரிஞ்சில் எடுக்க முனைந்தவர் ஸ்டீபன் ஹாஃப்மன். அமெரிக்கக் கடற்படையில் மருத்துவராக இருந்தவர். 2003இல் மேரிலாந்தில் சனாரியா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே கிருமியில்லாத சூழலில் கொசு வளர்த்து, மலேரியா ரத்தம் ஊட்டி, கதிர்வீச்சு கொடுத்து, ஒவ்வொரு கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியையும் ஆட்கள் உட்கார்ந்து கையால் பிரித்தெடுத்தார்கள். மல்லிகைப் பூவில் காம்பு கிள்ளுகிற பொறுமையைவிடப் பெரிய பொறுமை. எடுத்ததைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கவேண்டும். கிராமத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பவர்கள், நம் ஊர் கால்நடை ஆஸ்பத்திரியில் சினை ஊசிக்கு வைத்திருக்கும் கேனை நினைத்துப்பாருங்கள். மாட்டுக்கு வந்துசேர்ந்தது அதே குளிர்தான்.

முதலில் தோலில் போட்டுப்பார்த்தார்கள். ஏறக்குறைய யாருக்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கொசு தன் ஊசியால் துழாவித் துழாவி ரத்தக்குழாயைத் தேடுகிறது, சிரிஞ்சுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பிறகு நேரே நரம்பில் போட்டார்கள். 2013இல் வெளியான முடிவில், ஐந்து டோஸ் பெற்ற ஆறு பேரும் காப்பாற்றப்பட்டார்கள். ஒரு டோஸில் 1,35,000 ஒட்டுண்ணிகள். ஆனால் அந்த ஆறு பேரும் பெரியவர்கள்.

மேற்குக் கென்யாவின் சியாயாவில் 336 குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டது. வயது ஐந்து முதல் பன்னிரண்டு மாதம். இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு நரம்பில் போடமுடியுமா என்பதுதான் எல்லோருடைய கவலையும். போடமுடிந்தது. அந்தச் செவிலியர்களின் கைகளை நான் கும்பிடுவேன். ஆனால் 2021இல் வெளியான முடிவு: ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது தொற்றிலிருந்து குறிப்பிடத்தக்க பாதுகாப்பு இல்லை. எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது, கல்லீரலில் வேலைசெய்யவேண்டிய டி செல்களின் எதிர்வினையோ கண்ணில் படவே இல்லை. பெரியவர்களுக்குப் பாதுகாப்போடு தொடர்புடையதாகக் காணப்பட்ட காமா டெல்டா டி செல்கள் கைக்குழந்தைகளிடம் குறைவு. ஊசி போய்ச்சேர்ந்தது, பாடத்தைக் கேட்க உள்ளே போதிய மாணவர்கள் இல்லை. சாகிறவர்கள் குழந்தைகள், பலன் பெற்றவர்கள் பெரியவர்கள். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பலன் சின்னதல்ல என்பதையும் சொல்லவேண்டும். மாலி நாட்டில் குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம் இதே தடுப்பூசி இரண்டு வருடம்வரை பாதுகாப்பு தந்தது. கர்ப்பத்தில் மலேரியா வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

இப்போது நெதர்லாந்தின் லைடன் நகரத்தைப் பார்க்கிறேன். அங்கே கதிர்வீச்சுக்குப் பதில் மரபணுவில் கைவைத்தார்கள். கதிர்வீச்சு பட்ட ஒட்டுண்ணி கல்லீரலில் சீக்கிரமே நின்றுவிடும். லைடன்காரர்கள் ஒரு மரபணுவை நீக்கி, கல்லீரலில் ஏறக்குறைய ஆறு நாள் வளர்ந்தபிறகு நிற்கும் ஒட்டுண்ணியை உருவாக்கினார்கள். அதிக நாள் இருந்தால் அதிக முகங்களைக் காட்டும், உடம்பும் அதிகம் கற்கும் என்பது கணக்கு. 2024இல் வெளியான சோதனையில், சீக்கிரம் நிற்கும் வகை எட்டுப் பேரில் ஒருவரைத்தான் காத்தது. தாமதமாக நிற்கும் வகை ஒன்பது பேரில் எட்டுப் பேரைக் காத்தது. அது மூன்று தவணை. அடுத்த சோதனையில் ஒரே தவணையிலேயே பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள்.

அவர்களும் மலேரியாவையே அறியாத பெரியவர்கள்தான். அந்தச் சோதனைகளில் மருந்தும் சிரிஞ்சில் வரவில்லை, தவணைக்கு ஐம்பது கொசுக்கடி. ஆனாலும் அந்த ‘ஒரே தவணை’ என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. சியாயாவில் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று தடவை நரம்பு தேடினார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.