விரதம்னு மாத்திரையை நிறுத்தலாமா? ‘அல்பிரசோலம்’ சாப்பிடுவோர் கவனிக்க வேண்டியவை!

திருச்சி சமயபுரம் மாரியம்மன் கோயிலில் மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள், பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அம்மனோடு சேர்ந்து விரதம் இருந்து, பாதயாத்திரையாக நடந்து வருபவர்கள் ஏராளம். இவர்களில் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இருப்பார்கள். ‘விரதம் முடியிற வரைக்கும் மாத்திரை வேண்டாம்’ என்று திடீரென நிறுத்துவது ஆபத்தில் முடியலாம். ஏன்? பார்ப்போம்.

அல்பிரசோலம் என்றால் என்ன?

பென்சோடயசெபைன் என்ற வகையைச் சேர்ந்த மருந்து இது. டயசெபாம், லோராசெபாம், குளோனசெபாம் எல்லாம் இதே குடும்பம்தான். அமெரிக்காவில் 1981-ல் ‘சனாக்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மூளையைச் சாந்தப்படுத்தும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலையை இது கூட்டுகிறது. அதனால் படபடப்பு, திடீர் பீதி ஆகியவை சீக்கிரமே அடங்குகின்றன.

அப்புறம் என்ன பிரச்சனை?

சீக்கிரம் பலன் தருவதுதான் பிரச்சனையே. தொடர்ந்து சாப்பிட்டால் உடல் பழகிவிடும். நேற்று அரை மாத்திரையில் வந்த தூக்கம், நாளை ஒரு மாத்திரை கேட்கும். சில நாட்கள் முதல் சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே உடல் இதைச் சார்ந்திருக்கத் தொடங்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் எச்சரித்தது.

திடீர்னு நிறுத்தினால் என்ன ஆகும்?

பழகிய உடலுக்கு மருந்து கிடைக்காதபோது தூக்கம் போகும், கை நடுங்கும், வியர்க்கும், பழைய பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும். சிலருக்கு வலிப்பே வரலாம். உயிருக்கும் ஆபத்து. வெறும் வயிற்றில், வெயிலில் நடக்கும்போது இதெல்லாம் வந்தால், ‘விரதக் களைப்பு’ என்று கூட வருபவர்கள் தவறாக நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

நிறுத்தவே முடியாதா? முடியும். ஆனால் மருத்துவர்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். இதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகலாம். எனவே விரதத்துக்கு மாலை போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரைக்குக் கட்டாயம் சாப்பாடு வேண்டும் என்பதில்லை. விரத நேரத்துக்கு ஏற்ப எப்படி எடுப்பது என்று அவரே சொல்வார்.

செய்யக் கூடாதவை என்னென்ன?

• மதுவோடு சேர்க்கவே கூடாது. டிரமடால் போன்ற வலி மருந்துகளோடு சேர்ந்தாலும் மூச்சு மந்தமாகி உயிர் போகலாம்.
• மாத்திரை எடுத்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். இரவு எடுத்தாலும் காலையில் மயக்கம் மிச்சம் இருக்கலாம்.
• வயதானவர்களின் உடலில் மருந்து அதிக நேரம் தங்கும். தடுமாறி விழுந்து எலும்பு முறியலாம். இரவில் எழும்போது கவனம்.
• ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகச் சாப்பிடாதீர்கள்.
• கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சைத் தொற்று மாத்திரைகள் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றை அல்பிரசோலத்துடன் சேர்க்கக் கூடாது.
• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவோ நிறுத்தவோ கூடாது.
• ‘எனக்குக் கேட்டுச்சு, நீயும் போட்டுப் பாரு’ என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

மருந்துக் கடையில் சும்மா வாங்கலாமா?

வாங்க முடியாது. 2014 மார்ச் 1 முதல் அமலில் இருக்கும் ‘எச்1’ பட்டியலில் அல்பிரசோலம் இருக்கிறது. மருத்துவர் சீட்டு கட்டாயம். மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகிய விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் இதற்குப் பொருந்தும். சீட்டு கேட்கும் கடைக்காரர் உங்களைச் சந்தேகப்படவில்லை; சட்டப்படி நடக்கிறார்.

உதவிக்கு எங்கே போவது?

தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டதே திருச்சியில்தான். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாத தூக்கம் இருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பாதயாத்திரை கிளம்பும்போது மாத்திரை அட்டையையும் மருத்துவர் சீட்டையும் பையில் வையுங்கள். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதைக் கூட வரும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். வழியில் மயங்கி விழுந்தால், மருத்துவருக்கு முதலில் தேவைப்படும் தகவல் அதுதான்.