டிபன் பாக்ஸில் கம்பம் பள்ளத்தாக்கு

புதிய சாப்பாட்டைக் கண்டால் ஒதுக்கிவைப்பது இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளின் இயல்பு. கசப்பு பெரியவர்களைவிடக் குழந்தைகளின் நாக்குக்குத் தூக்கலாகத் தெரியும். கீரையும் பாகற்காயும் முதலில் தள்ளப்படுவது அதனால்தான். பள்ளிக்குக் கொடுத்துவிட்ட சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வரும்போது, அதைக் கொழுப்பு என்று திட்டுவதில் பயன் இல்லை. தின்றதைத் தின்னட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலுமாகவே மதியத்தை ஓட்டும் பிள்ளைக்கு இரும்புச்சத்து எங்கிருந்து வரும்?

அமெரிக்க உளவியலாளர் லீஆன் பர்ச் குழந்தைகளின் உணவு விருப்பத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பழக்கமில்லாத உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தடவைபோல் ருசிக்கக் கொடுத்தால் பிள்ளைகள் பலர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்றும், இதைச் சாப்பிட்டால் அது தருவேன் என்று ஆசைகாட்டினால் அந்த உணவின் மேல் விருப்பம் குறைகிறது என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. 1980-இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே இன்னும் முக்கியம். ஒரு காயை விரும்பாத மழலையர் பள்ளிக் குழந்தையை, அதை விரும்பும் குழந்தைகளோடு சில நாள் உட்காரவைத்தார்கள். அந்தக் குழந்தையும் அதே காயை எடுக்கத் தொடங்கியது. பள்ளி டிபன் பாக்ஸின் பலம் இதில்தான் இருக்கிறது. மிரட்டி ஊட்ட யாரும் இல்லாத இடத்தில், பக்கத்துப் பிள்ளை அவரைக்காயை ரசித்துத் தின்பதைப் பார்த்தபடி குழந்தை சாப்பிடுகிறது.

தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டத்திலும் ஒரு நல்ல பாடம் உண்டு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். இத்திட்டத்தைத் தொடங்கினார். நீண்ட காலம் சோறும் சாம்பாருமாக இருந்த அந்த மதிய உணவு, 2013-இல் சோதனை முறையில் கலவைச் சாதங்களாக மாறத் தொடங்கியது. காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலை புலாவ், தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், எலுமிச்சை சாதம் என்று பட்டியல் நீண்டது. கூடவே மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அரிசி, பருப்பு, காய், முட்டை எல்லாம் பழையவைதான். மாறியவை சேர்மானமும் நிறமும் மணமும். வீட்டு டப்பாவுக்கும் இதைவிடப் பெரிய வித்தை தேவையில்லை. ஜப்பானில் சாதத்தைக் கரடியாகவும் பூனையாகவும் செய்து அடுக்கும் வழக்கம் உண்டு. பார்க்க அழகு, ஆனால் காலை நேரம் அதற்கு இடம் தராது.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த நேரம் மிகவும் குறைவு. கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடிகாலையிலேயே ஜீப் ஏறி குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலைக்குப் போகிறார்கள். அதற்குள் தங்கள் தூக்குவாளியையும் பிள்ளையின் டப்பாவையும் கட்டியாக வேண்டும். அவர்களுக்குக் கைகொடுப்பது முந்தின இரவே செய்துவைக்கும் வேலை: கடலை ஊறப்போடுவது, கீரை உருவுவது, ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கான எள்ளுப்பொடி இடிப்பது. கீரை உருவுவதிலும் அவரை உரிப்பதிலும் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. தான் உருவிய கீரையைக் குழந்தை அவ்வளவு எளிதாக ஒதுக்காது.

கைவசம் உள்ளவற்றில் முதலிடம் முருங்கைக்கு. பெரியகுளம் தோட்டக்கலை நிலையம் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கை இன்று நாடெங்கும் பயிராகிறது. அதன் கீரையில் இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு; லேசான கசப்பும் உண்டு. முட்டையோடு சேர்த்துப் பொரித்தால் கசப்பு அடங்கும். நிழலில் உலர்த்தி, வறுத்த உளுந்தோடும் எள்ளோடும் பொடித்தால் இட்லிப்பொடி ஆகிவிடும். நல்லெண்ணெயில் பிரட்டிய சின்னச் சின்னப் பொடி இட்லியை வேண்டாம் என்னும் பிள்ளை குறைவு. கீரைச்சாதத்தில் இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் அதன் வைட்டமின் சி, இரும்புச்சத்து உடம்பில் ஏற உதவும். முருங்கைக்காயைச் சாம்பார் சாதத்தில் போடுவதாக இருந்தால் சதையை வழித்துப் போட வேண்டும். சக்கையை மென்று துப்ப மதிய இடைவேளை போதாது.

பீட்ரூட்டின் இயற்கை இனிப்பு சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். துருவி வதக்கித் தயிர்சாதத்தில் கிளறினால் ரோஜா நிறம் வந்துவிடும். முதல் வாரம் ஒரு கரண்டி துருவல், பிறகு இரண்டு. கம்பு மாவையும் இப்படியே தோசை மாவில் கால் பங்கு கலந்து தொடங்கலாம். காயை அரைத்து ஒளித்துக் கொடுப்பதும் சத்துக்கு உதவும். ஆனால் கண்ணால் காணாத காயைக் குழந்தை ஒருநாளும் விரும்பப் பழகாது. ஆகவே ஒளித்ததோடு, அதே காயின் ஒரு துண்டு வெளிப்படையாகவும் டப்பாவில் இருக்கட்டும்.

அளவில் ஒரு நிதானம் வேண்டும். முக்கால் டப்பா பிள்ளைக்குப் பழகிய சாப்பாடு, ஒரு ஓரத்தில் இரண்டு வாய்க்குப் புதியது. திரும்பி வந்தால் பேச்சில்லாமல் கழுவிவிட்டு நாலு நாள் கழித்து மறுபடி வைக்கலாம். "நாளைக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் பதில் நூடுல்ஸ்தான். "தக்காளி சாதமா, பீட்ரூட் சாதமா?" என்று கேட்டால் இரண்டில் எது வந்தாலும் லாபம். பதினொரு மணி இடைவேளையில் க்ரீம் பிஸ்கட்டோ பாக்கெட் சிப்ஸோ உள்ளே போனால் மதியப் பசி செத்துவிடும். அந்த நேரத்துக்குச் சின்னமனூர்ப் பக்கத்து வாழைப்பழம் ஒன்று போதும்; உரிக்காமல் கொடுத்தால் கறுக்காது.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் கிடைப்பது இப்பகுதிப் பிள்ளைகளின் கொடுப்பினை. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுத் திராட்சை ஆபத்து, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளக்கூடும். ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, நீளவாக்கில் நான்காக வெட்டி, விதை நீக்கித் தர வேண்டும். முழு நிலக்கடலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதைப் பொடித்துச் சாதத்தில் சேர்க்கலாம்.

கெட்டுப்போன வாடை ஒரு தடவை அடித்துவிட்டால் பிள்ளை அந்தச் சாப்பாட்டையே வெறுத்துவிடும். ஆவி பறக்கும் சோற்றை அப்படியே மூடினால் வியர்த்து நசநசக்கும். சற்று ஆறவிட்டு மூட வேண்டும். வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி மதியம்வரை தாங்காது. தயிர்சாதத்துக்குச் சோற்றைப் பாலில் குழைத்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் சாப்பிடும் நேரத்தில் புளிப்பு அளவோடு இருக்கும். இரவெல்லாம் வெளியே கிடந்த சோற்றைத் தாளித்துக் கட்டுவது வயிற்றுக்குக் கேடு.

இத்தனைக்குப் பிறகும் எடை கூடாமல் இருப்பது, மென்று விழுங்கத் திணறுவது, எப்போதும் சோர்ந்து கிடப்பது, மண்ணோ சாக்பீஸோ தின்பது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் அது சமையலால் தீரும் விஷயம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளலாம். மேல் சிகிச்சைக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவு இருக்கிறது.