ஸ்டியரிங் ஆட்டம்: பழகிப் போகலாமா?

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் முன்னோர் வாக்கு. தேருக்கு அச்சாணி எப்படியோ, மோட்டார் காருக்கு ஸ்டியரிங்கின் சிறு மூட்டுகளும் அப்படியே. சிறிய பொருளின் வலிமையை உணர்த்தப் புனித யாகப்பரும் தம் திருமுகத்தில் கப்பலின் சுக்கானையே உவமையாகக் காட்டுகிறார். அந்தச் சுக்கான் தேய்ந்துபோனால் என்ன செய்வது என்பதை இங்குக் காண்போம்.

மேற்கு வங்கத்தில் உள்ள உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை முன்மாதிரியாகக் கொண்டது இது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பியதும், அதன் தண்டின் நுனியில் உள்ள 'பினியன்' என்னும் சிறு பல்சக்கரம் சுழலும். அது 'ரேக்' என்னும் பல் வெட்டிய நீண்ட கம்பியை இடமும் வலமுமாகத் தள்ளும். ரேக்கின் இருபுறமும் உள்ள டை ராடுகள் முன்சக்கரங்களைத் திருப்பும். டை ராடின் வெளி நுனியில் இருப்பதே 'டை ராடு எண்டு'. உயிரியல் பாடத்தில் நாம் படித்த தோளின் பந்துகிண்ண மூட்டைப் போன்றே, இதிலும் ஓர் இரும்பு உருண்டை கிண்ணத்துக்குள் அசைகிறது. கிரீஸ் வெளியேறாமலும் தூசி நுழையாமலும் ஒரு ரப்பர் உறை அதைக் காக்கிறது.

வண்டி பழசாகும்போது ரப்பர் வெடிக்கும், மண்ணும் நீரும் புகும், உருண்டை தேயும். உடனே ஸ்டியரிங்கில் 'ஆட்டம்' தோன்றும். அதாவது, கை திரும்பிய பிறகே சக்கரம் திரும்பும். டயரின் ஓரமும் விரைவில் தேயும். இந்த ஆட்டம் நாள்தோறும் சிறுகச் சிறுக வளர்வதால் ஓட்டுபவரின் கை அதற்குப் பழகிவிடுகிறது. அபாயம் அங்கேதான் இருக்கிறது. மூட்டு ஒருநாள் கழன்றுவிட்டால், ஒரு சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்காது!

ஆகவே, கையின் பழக்கத்தை நம்பாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டியை ஸ்டாண்டின்மேல் உறுதியாக நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லவே கூடாது. சக்கரத்தை இடப்புறமும் வலப்புறமும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? டை ராடு மூட்டையும் ரேக்கையும் பார்க்க வேண்டும். மேலும் கீழும் பிடித்து அசைத்தாலும் ஆடினால், சக்கரத்தின் பேரிங்கையும் அது திரும்பும் முளையையும் கவனிக்க வேண்டும்.

தேய்ந்த டை ராடு எண்டைப் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே நலம். மெக்கானிக் முதலில் லாக் நட்டைத் தளர்த்துவார். ஸ்பிலிட் பின்னை நீக்கி, நட்டைக் கழற்றி, புல்லர் என்னும் கருவியால் கூம்பு வடிவ முளையை விடுவிப்பார். பழைய எண்டு எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிக்கொண்டு, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுவார். நட்டை இறுக்கியபின் புதிய ஸ்பிலிட் பின்னையே இட வேண்டும். காசு சொற்பமே என்றாலும், நட்டு கழலாமல் காப்பது அதுதான்.

சுற்றுகளை எண்ணி மாட்டினாலும் வேலை முடிந்துவிடாது. மயிரிழை வேறுபாடும் டயரைத் தின்னும். ஆகையால் வீல் அலைன்மெண்ட் பார்த்த பின்னரே நெடும்பயணம் புறப்பட வேண்டும்.

அன்புத் தோழியரே! இது பட்டறைக்காரர் விஷயம் என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. நாம் பயணம் செய்யும் வண்டியின் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க நமக்கும் கண்கள் உண்டு. பெற்றோரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்வோம். மெல்ல வளரும் குறைக்குப் பழகிப்போவதைவிட, அதை வேளையோடு களைவதே விவேகம். இது காருக்கு மட்டுமா பொருந்தும்?