பழவேற்காட்டு ஏரியும் உளவியலின் தொடக்க காலமும்

பழவேற்காட்டு ஏரியில் தொழில் செய்யும் மீனவர் ஒருவர், நீரின் நிறமாற்றத்தையும் மேற்பரப்பின் சிறு சலனத்தையும் கண்டே மடவைக் கூட்டம் எத்திசையில் செல்கிறது என்பதைக் கூறிவிடுவார். அதே படகில் அமர்ந்திருக்கும் நகரத்து ஆயருக்கு நீரைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. வேறுபாடு கண்ணிலா, மனத்திலா? உளவியல் தனியோர் அறிவியலாக உருவெடுத்த நாட்களில் அதன்முன் நின்ற கேள்விகளுள் இதுவும் ஒன்று. ஆகவே, அத்துறையின் வரலாற்றை லைப்சிக் நகரிலிருந்து மட்டுமன்றி, ஒரு மீனவக் குப்பத்திலிருந்தும் நாம் நோக்கலாம்.

உளவியல் மெய்யியலினின்று பிரிந்த ஆண்டாக 1879ஐக் குறிப்பிடுவது வழக்கம். அவ்வாண்டில் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தமது சோதனைச்சாலையை நிறுவினார். அதற்கு முன்னரே, 1860இல், குஸ்தாவ் ஃபெக்னர் புறத்தூண்டலின் அளவுக்கும் அதனால் எழும் புலனுணர்வுக்கும் உள்ள தொடர்பைக் கணித முறையில் ஆராய்ந்து நூல் வெளியிட்டிருந்தார். இவ்விருவரும் லுத்தரன் குருமாரின் புதல்வர்கள் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையளிக்கக்கூடும். வுண்ட் தமது துறையை இரு கூறாகவே கருதினார். எளிய புலனறிவைச் சோதனையால் அளக்கலாம். மொழி, புராணம், வழக்கம் ஆகியவற்றில் வெளிப்படும் உயர்நிலை மனச்செயல்களை அவ்வாறு அளக்க இயலாது. அவற்றை மக்கள் கூட்டத்தின் வாழ்விலேயே காண வேண்டும் என்று கருதிய அவர், 1900 முதல் 1920 வரை பத்துத் தொகுதிகள் எழுதினார். பாடநூல்களோ சோதனைச்சாலையை மட்டும் நினைவில் வைத்து, பத்துத் தொகுதிகளையும் மறந்துவிட்டன. இம்மறதியால் நேர்ந்த இழப்பு சிறிதன்று என்பது நம் கருத்து.

சோதனைக் கருவிகளை முதன்முதலாகக் கடற்கரை மக்களிடம் கொண்டு சென்றவர்களுள் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் முதன்மையானவர். 1898இல் கேம்பிரிட்ஜ் குழுவினருடன் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்று, அங்கு வாழ்ந்த மக்களின் பார்வைத்திறனை அவர் அளந்தார். தொலைவில் வரும் படகை வெள்ளையருக்கு முன்னரே கண்டுவிடும் அம்மக்களுக்கு அசாதாரணமான கண்கள் இருக்க வேண்டும் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அளந்து பார்த்தபோது வேறுபாடு மிகப் பெரிதாக இல்லை. பழகிய சூழலில் நுண்ணிய குறிப்புகளைக் கவனிக்கும் பயிற்சியே அவர்களது திறனுக்குக் காரணம் என்ற முடிவுக்கு ரிவர்ஸ் வந்தார். ஆயினும், புலப்பொருள்களில் இத்துணைக் கவனம் செலுத்துவது உயர்ந்த சிந்தனைக்குத் தடையாகும் என்றும் அவர் எழுதினார். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அவருடைய அளவுகோல்கள் எதுவும் அதை அளக்கவில்லை. பின்னர், 1901–02இல் அவர் நீலகிரிக்கு வந்து தோடர்களின் புலன்களையும் சோதித்தார். அவர்களது வாழ்க்கைமுறையைப் பற்றிய அவரது பெருநூல் 1906இல் வெளிவந்தது.

இதற்கிடையே பிற கிளைகளும் தோன்றின. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் தமது பெருநூலை வெளியிட்டார். ஃபிராய்டின் கனவாராய்ச்சியிலிருந்து உளப்பகுப்பாய்வும், 1905இல் பினே வகுத்த சோதனையிலிருந்து நுண்ணறிவு அளவீடும், 1912இல் வெர்தைமரின் ஆய்விலிருந்து முழுமைக்காட்சிக் கொள்கையும், 1913இல் வாட்ஸனின் கட்டுரையிலிருந்து நடத்தையியலும் வளர்ந்தன. நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் முன்னோடியாயிற்று. 1922இல் அந்நகரிலேயே கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். மைசூரில் 1924இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் தலைமையில் 1943இலும் உளவியல் துறைகள் தோன்றின.

வுண்ட்டிடம் சிறிது காலம் பயின்றவர்களுள் மலினோவ்ஸ்கி ஒருவர். டிரோப்ரியாண்ட் தீவுகளில் அவர் கண்ட உண்மையொன்று பழவேற்காட்டில் பணிபுரிவோருக்கு நேரடியாகப் பயன்படும். அங்கு உட்கடலில் மீன்பிடிப்போர் தம் அறிவையும் திறமையையுமே நம்பினர். மந்திரச் சடங்குகள் இல்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குச் செல்வோரிடையே சடங்குகள் மிகுந்திருந்தன. இதனை அவர் 1925இல் எழுதினார். அவ்விருவகைத் தொழிலும் ஒரே ஊரில் அமைந்த இடம் பழவேற்காடு. ஏரியில் நிச்சயமின்மையைக் கையாள அம்மக்கள் கண்ட வழி 'பாடு' எனும் முறை. நல்ல மீன்பிடி இடங்களில் வலை கட்டும் உரிமையைக் குப்பத்தார் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இன்று குறைவாகப் பிடித்தவருக்கு வேறொரு நாள் நல்ல இடம் கிடைக்கும். தனிமனிதனின் அச்சத்தை ஊர் ஒழுங்கே தாங்கிக்கொள்கிறது. இதை மூடநம்பிக்கை என்றோ, வெறும் தொழில் விதி என்றோ தள்ளிவிடுபவர் அம்மக்களின் மனத்தை அறிந்தவராகார். இங்கே சமூக உளவியலின் துணை நமக்குத் தேவை.

ரிவர்ஸின் வாழ்வில் இன்னொரு திருப்பமும் உண்டு. முதல் உலகப் போரின்போது, போர்முனையில் மனம் சிதைந்து திரும்பிய அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்திலுள்ள கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் அவர் சிகிச்சையளித்தார். நடந்ததை மறந்துவிடு, நினையாதே என்று நோயாளியை வற்புறுத்துவது தீங்கு விளைவிக்கும் என அவர் கண்டார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கிய பின், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் ஊர்த்தொண்டர்களுக்கு உளச்சமூகப் பராமரிப்பில் பயிற்சி அளித்தது. துயருற்றோர் தம் இழப்பைப் பேச இடமளிப்பது அப்பயிற்சியில் முக்கிய இடம் பெற்றது. "அழாதே, இது கடவுளின் சித்தம்" என்று உடனே வாயடைக்கும் நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டு நோக்குவது தகும்.

எனினும், எல்லாத் துன்பமும் மருத்துவ உளவியலுக்கு உரியதன்று. ஏரியைக் கடலோடு இணைக்கும் முகத்துவாரம் மணல்மேட்டால் அடைபடும்போது கடல்நீர் உள்ளே வருவதில்லை. இறால் வரத்துக் குறைகிறது. பங்கிட ஒன்றுமில்லாதபோது பாடு முறையும் தளர்கிறது. அக்காலத்தில் ஒருவர் உறக்கமின்றித் தவித்தால், அவர் இளமைப்பருவத்தை ஆராயப் புகுமுன், முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று ஆயர் கேட்டறிய வேண்டும்.