விண்ணப்பித்தவரோடு முதலாளி பொதுவெளியில் மல்லுக்கு நிற்கலாமா?

ட்விட்டரில் தனக்கு இன்னும் வேலை இருக்கிறதா, இல்லையா? 2023 மார்ச்சில் ஐஸ்லாந்துக்காரர் ஹரால்டுர் தோர்லெய்ஃப்சனுக்கு அதுகூடத் தெரியவில்லை. ஒன்பது நாளாக அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியவில்லை. மனிதவளத் துறைக்கும் விவரம் தெரியவில்லை. கடைசியில் முதலாளி எலான் மஸ்க்கிடமே அதே தளத்தில் பகிரங்கமாகக் கேட்டார். 'என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று திருப்பிக் கேட்டார் மஸ்க். பேச்சு தடித்தது. உடல் குறையைச் சாக்காகச் சொல்லி இவர் வேலையே செய்யவில்லை என்று எழுதும் அளவுக்கு அவர் போனார்.

தோர்லெய்ஃப்சனுக்குத் தசைச்சிதைவு நோய். சக்கர நாற்காலியில் இருப்பவர், தன் உடல்நிலையை ஊரறிய விளக்க வேண்டியதாயிற்று. பிறகு மஸ்க் மன்னிப்புக் கேட்டார். தனக்குச் சொல்லப்பட்டவற்றில் சில பொய், சில உண்மையானாலும் பொருட்டல்ல என்றார்.

கவனிக்க வேண்டியது இந்த 'தனக்குச் சொல்லப்பட்டவை'தான். சம்பளம் வாங்கும் ஊழியரைப் பற்றியே தலைவருக்குக் காற்றுவாக்கில் வந்த தகவல்தான் கையில் இருக்கிறது என்றால், விண்ணப்பதாரர் எம்மாத்திரம்? பெரிய நிறுவனத் தலைவர் அவரது பயோடேட்டாவைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நேர்காணல் எடுத்தவர் கிறுக்கிவைத்த அரைவரிக் குறிப்புதான் ஆதாரம். அதை நம்பி லட்சக்கணக்கானோர் முன்னால் 'இவர் தகுதியில்லாதவர்' என்று எழுதினால், அடுத்து அவர் போய் நிற்கும் கம்பெனியும் அதைத் தேடிப் படிக்கும்.

அதற்காகத் தலைவர் வாயே திறக்கக் கூடாதா? அப்படியில்லை. உணவு டெலிவரி நிறுவனமான சொமாட்டோவின் தலைவராக இருந்த தீபிந்தர் கோயல் 2024 நவம்பரில் ஒரு பதவிக்கு ஆள் கேட்டார்: முதல் வருடம் சம்பளம் கிடையாது, 20 லட்சம் ரூபாய் நன்கொடையும் தர வேண்டும். எதிர்ப்புக் கிளம்பியதும், பணம் வாங்கப்போவதில்லை, அது வடிகட்டத்தான் என்றார். வேலை தேடுபவரை அப்படிச் சோதிப்பது எனக்கு ஒப்பாது. ஆனாலும் அந்த விளக்கம் தேர்வுமுறையைப் பற்றியது. விண்ணப்பித்த எவரையும் பெயர் சொல்லி இழுக்கவில்லை. எல்லைக்கோடு அங்கேதான். முறையைப் பற்றிப் பேசலாம். ஆளைப் பற்றிப் பேச வேண்டியதை அவரிடமே தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம்.

இன்று நிராகரிக்கப்படுபவர் நாளை எங்கே நிற்பார் என்றும் சொல்ல முடியாது. பிரையன் ஆக்டன் 2009இல் தன்னை ஃபேஸ்புக் நிராகரித்ததை ட்விட்டரிலேயே எழுதினார், கசப்பில்லாமல். பிறகு ஜான் கூமுடன் சேர்ந்து வாட்ஸ்அப்பை வளர்த்தார். 2014இல் அதை வாங்க முன்வந்தபோது அதே ஃபேஸ்புக் அறிவித்த விலை 1,900 கோடி டாலர்.