கோபுரத்துக்குள்ளே ராமாயணம்!

கோவில் கோபுரத்தை வெளியே நின்று கும்பிடுகிறோம். அதன் வயிற்றுக்குள் ஏறிப் பார்த்தது உண்டா?

திருநெல்வேலி மாவட்டத்தில், வீரவநல்லூர் பக்கம் திருப்புடைமருதூர் என்று ஒரு சிற்றூர். தாமிரபரணியும் கடனா நதியும் கலக்கும் இடம். கூடங்குளத்தில் இருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

இங்குள்ள நாறும்பூநாதர் கோவில் கோபுரம் 5 நிலை உடையது. கோவிலில் அனுமதி கேட்டுக்கொண்டு ஏறவேண்டும். உள்ளே ஒரே இருட்டு! விளக்கைத் தூக்கிப் பிடித்தால், சுவர் முழுவதும் சித்திரம்! தூணிலும் விதானத்திலும் மர வேலைப்பாடு!

ராமாயணம், மகாபாரதம், சிவபெருமான் திருவிளையாடல் எல்லாம் சிறு சிறு கட்டங்களாக வரிசையாகப் போகின்றன. எழுத்துத் தெரியாதவரும் கதையைப் பிடித்துக்கொள்ளலாம். வரைந்து சுமார் 400 ஆண்டு இருக்கும். காவிச் சிவப்புதான் கண்ணில் நிறைகிறது. உடையும் நகையும் நாயக்கர் காலத்தவை. ஓவியர் அயோத்தியைக் கண்டாரா? தம் ஊரில் கண்டதை வரைந்தார்!

புராணம் மட்டும் அல்ல. ஒரு கப்பலில் அரபு வியாபாரிகளும் குதிரைகளும் வருகிறார்கள். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருந்த காயலில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதை, 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதி இருக்கிறார். ஒரு போர்க் காட்சியும் உண்டு. 1532-ல் விசயநகரப் படை திருவிதாங்கூர் மன்னரோடு மோதிய போர் அது என்பது ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து.

வடநாட்டில் இதே ராமாயணத்தைக் காகிதத்தில் வரைந்தார்கள். மேவார் ராணா ஜகத்சிங், 1649 முதல் 1653 வரை 400-க்கும் மேற்பட்ட படங்களோடு ஏடுகள் செய்வித்தார். அவற்றில் பெரும்பகுதி இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. காகிதம் கப்பல் ஏறும். சுவர் ஏறாது. திருப்புடைமருதூர் ராமனைப் பார்க்க அங்கேதான் போகவேண்டும்.

கப்பல் ஏறாத சித்திரத்துக்கு வேறு ஆபத்து. மழைநீர் கசிந்தால் சுண்ணாம்பு பொருக்காகப் பெயரும். கிறுக்குப் பிடித்தவன் ஆணியால் தன் பெயரைக் கீறினால் நாலு நூற்றாண்டு முகம் ஒரு நொடியில் போய்விடும். திரும்ப வரைந்தால் அது வேறு படம்.

இருட்டில், குறுகிய படியில், சுவரில் கை ஊன்றாமல் இறங்குவது கஷ்டம்தான். ஆனால் கை உராயும் இடத்தில் வண்ணம் உதிரும்.